அத்தைக்குக் கஞ்சி ஊட்டுகிற நேரம் ஜெபநேரம் ஆகுமா?

பாளைமருமகள் கேட்டது:

எல்லாருக்கும் தோத்திரம். ரொம்ப நாளாக மற்றவர்கள் எழுதுவதை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குக் கேட்டே ஆகவேண்டும் என்றிருக்கிறது.

போன ஆகஸ்டில் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வீட்டுக்காரர் சார்ஜாவில் இருக்கிறார், மகள் பிளஸ் டூ. ஆக அத்தையைப் பார்ப்பது நான்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். விழுங்கச் சிரமம் என்பதால் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு கரண்டி தொண்டையில் இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி. ஒரு கிண்ணம் முடிய நாற்பது நிமிஷம். புரையேறிவிட்டால் அன்றைக்கு முழுக்க எனக்கு நெஞ்சு படபடக்கும்.

இதற்கு முன்னால் பதினெட்டு வருஷமாக நான் காலை நாலரைக்கு எழுந்துவிடுவேன். மாடி அறையில் ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி, வேதப்புத்தகம், கோடு போட்ட ஒரு நோட்டு. பால்காரர் மணி அடிக்கும்வரை நானும் ஆண்டவரும்தான். பிள்ளை இல்லாமல் பேச்சு வாங்கிய வருஷங்களில், அப்பா இறந்த சமயத்தில், என்னைத் தாங்கியது அந்த நாற்காலிதான். இப்போது நாலரைக்கு அத்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருக்கிறேன். நாற்காலியின் மேல் டயப்பர் பாக்கெட்டுகள் அடுக்கியிருக்கின்றன. ராத்திரி முழங்கால் போட்டால், "ஆண்டவரே" என்ற சொல்லுக்கு அடுத்த சொல் வருவதற்குள் கட்டிலில் தலை சாய்ந்துவிடுகிறது.

போன மாதம் பெண்கள் உபவாச ஜெபம். பக்கத்து வீட்டு அக்காவை அத்தையிடம் உட்காரவைத்துவிட்டுப் போனேன். பேச வந்தவர், நாளின் முதல் மணி நேரத்தை ஆண்டவருக்குக் கொடுக்காதவர்கள் அவரைத் தேடவே இல்லை, மற்றதெல்லாம் சாக்கு என்றார். என்னைச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த வாரம் ஒன்று நடந்தது. அத்தைக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். இடது கையின் உள்பக்கத்தில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சின்னச் சின்ன வட்டமாய் வழுவழுப்பான தழும்புகள். இருபது வருஷமாக அந்தக் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன், தழும்பைக் கவனித்ததில்லை. அத்தை உடன்குடிப் பக்கம். மாமா பனையேறினார்கள், அத்தை விடிலியில் (பனங்காட்டு ஓலைக் குடிசையில்) பதநீர் காய்ச்சினார்கள். பாகு முறுகி வரும் நேரம் கிண்டுகிற கையில் தெறிக்கும் என்று எப்போதோ சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கருப்பட்டி விற்ற காசில்தான் என் வீட்டுக்காரர் பாலிடெக்னிக் படித்தார். வெந்நீர்த் துணியை அந்தத் தழும்பின் மேல் வைத்தேன். அதற்கு மேல் கை நகரவில்லை. எங்கள் இரண்டு பேரையும் தவிர அறையில் இன்னொருவர் இருக்கிறார் என்று அப்படியே தெரிந்தது. பயம் இல்லை. நான் எதுவும் சொல்லவில்லை, எதுவும் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் இருந்திருக்கும். பிறகு தண்ணீர் ஆறிவிட்டது, மாற்றிக்கொண்டுவரப் போனேன்.

அது ஜெபமா? பதினெட்டு வருஷ நாற்காலியில் அப்படி இரண்டோ மூன்றோ தடவைதான் இருந்திருக்கிறேன். ஜெபம்தான் என்று சொல்லிக்கொள்ளப் பயமாகவும் இருக்கிறது, களைத்துப்போன மனசு தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் சமாதானமோ என்று. விவரம் தெரிந்தவர்கள், இந்த மாதிரி வழியில் நடந்தவர்கள் சொல்லுங்கள்.

விடுதிச்சமையல் எழுதியது:

தங்கச்சி, நான் கத்தோலிக்கன், திண்டுக்கல் பக்கம். பையன்கள் விடுதி ஒன்றில் 31 வருஷம் சமையல் பார்த்து ஓய்வு பெற்றவன். படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் நீங்கள் கேட்டது நான் 31 வருஷமும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. அதனால் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரே குறை, காலைப் பூசைக்குப் போக முடியவில்லையே என்று. கோயில் மணி அடிக்கும்போது நான் 240 பேருக்கு இட்லி வேகவைத்துக்கொண்டிருப்பேன். அதற்கு ஈடுகட்ட, அடுப்படியில் நின்றபடியே செபமாலை சொல்ல ஆரம்பித்தேன். வாய் சொல்லும், கை கிண்டும். ஒரு நாள் பருப்பு அடிப்பிடித்தது. அண்டா முழுக்கத் தீய்ந்த வாடை. வேறு பருப்பு போட நேரமில்லை, பையன்கள் அதைத்தான் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். ஒரு சின்னப் பையன், ஆறாம் வகுப்பு இருப்பான், தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். அப்போதிருந்த ஃபாதர், செபமாலையை விடச் சொல்லவில்லை. அதை ராத்திரி உட்கார்ந்து சொல்லு, பருப்பு வேகும்போது பருப்பைப் பார், அந்தப் பிள்ளை சாப்பிடப் போகிற பருப்பு என்று நினைத்துப் பார், என்றார். அப்புறம்தான் சகோதரர் லாரன்ஸ் கதையைச் சொன்னார்.

பிரான்சில் லொரேன் என்ற பகுதியில் பிறந்தவர். சொந்தப் பெயர் நிக்கோலா எர்மான். பட்டாளத்தில் இருந்து, சண்டையில் அடிபட்டுக் கால் தாங்கித் தாங்கி நடந்தவர். 1640-இல் பாரிஸில் கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். குருப்பட்டம் கிடையாது, வேலை செய்கிற சகோதரர். அவரைச் சமையற்கட்டில் போட்டார்கள். அவருக்கு அந்த வேலை சுபாவத்திலேயே பிடிக்காது. இதை ஃபாதர் சொன்னபோது எனக்கு என்னவோ போல் ஆறுதலாக இருந்தது. பிடிக்காத வேலையைப் பதினைந்து வருஷம் பார்த்திருக்கிறார். நாலு பேர் நாலு பக்கத்திலிருந்து அதைக் கொடு இதைக் கொடு என்று கத்துகிற நேரத்திலும், நற்கருணைக்கு முன்னால் முழங்காலில் இருக்கும்போது உள்ள அதே அமைதி தனக்கு இருக்கிறது என்று சொன்னாராம். சட்டியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதும் கடவுள் மேலுள்ள அன்புக்காக. தரையில் கிடக்கும் ஒரு துரும்பைக் குனிந்து எடுப்பதும் அதற்காகவே.

ஆனால் ஒன்றைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த அமைதி அவருக்கு முதல் நாளே வந்துவிடவில்லை. ஆரம்பத்தில் பத்து வருஷம் மிகவும் வேதனைப்பட்டதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். எனக்கும் அப்படித்தான்.

என்ன செய்தேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. சோறு பதம் பார்ப்போமே, கரண்டியால் கிளறி ஒரு பருக்கையை எடுத்து விரலிடையில் நசுக்குவோம். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வேகவேண்டும், தெரியாவிட்டால் கஞ்சி வடிக்கலாம். அந்த ஒரு நொடியை ஆண்டவருக்கென்று வைத்துக்கொண்டேன். வார்த்தை எதுவும் கிடையாது. "இதோ இருக்கிறேன்" என்று உள்ளே ஒரு திரும்பல், அவ்வளவுதான். ஒரு வேளைக்கு நாலு அண்டா என்றால் நாலு தடவை. பல நாள் வெறும் சோறு மட்டும்தான் தெரிந்தது. சில நாள், நீங்கள் சொன்னீர்களே, இன்னொருவர் இருக்கிறார் என்று, அது தெரிந்தது. தெரிந்த நாளில் நான் அதிகமாக எதுவும் செய்துவிடவில்லை, தெரியாத நாளில் குறைவாகவும் செய்யவில்லை. அதனால் அது நானாகக் கிளப்பிக்கொண்டது இல்லை என்று நம்புகிறேன்.

உங்கள் கை நகரவில்லை என்றீர்களே, அங்கே நீங்கள் தேடிப் போகவில்லை. துடைக்க வேண்டிய கையைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அது போதும், அதை நான் ஜெபம் என்றுதான் சொல்வேன்.

ஓய்வுவாத்தியார் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். மேலே எழுதிய அன்பர் சொன்னது அனுபவத்தில் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு எச்சரிப்பு சொல்லாமல் இருக்க முடியவில்லை. "என் வேலையே என் ஜெபம்" என்று சொல்லிச் சொல்லி, பத்து வருஷத்தில் வேலை மட்டும் மிஞ்சிப்போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் அதில் ஒருவன். தலைமையாசிரியராக இருந்த காலத்தில் பள்ளிக்கூடமே என் ஆலயம் என்று மேடையில் பேசினேன். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் ஆண்டவரிடம் பேச எனக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. அந்தத் துயரம் உங்களுக்கு வரக்கூடாது.

மாற்கு முதல் அதிகாரம் 35-ஆம் வசனத்தைப் பாருங்கள். இயேசுவே அதிகாலையில் இருட்டோடே எழுந்து, தனித்த ஓரிடத்துக்குப் போய் ஜெபம்பண்ணினார். அவருக்குத் தேவைப்பட்டது நமக்கும் தேவை.

அதற்காக அந்தக் கூட்டத்தில் பேசியவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. முதல் மணி நேரம் என்பது வேதத்தில் உள்ள கட்டளை அல்ல. நோயாளியை வைத்திருக்கிற ஒரு பெண்ணுக்கு வாரத்தில் அரைமணி நேரம் தனிமை கிடைக்கவில்லை என்றால், குறை அவள் மேல் அல்ல, சபையின் மேல். உங்கள் சபைப் போதகர் ஐயரவாளிடம் நேராகச் சொல்லுங்கள். இரண்டு பெண்கள் முறை வைத்து வந்து உட்காரட்டும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்று. அந்தப் பிரம்பு நாற்காலியை மாடியிலேயே ஏன் வைத்திருக்கிறீர்கள்? கீழே இறக்கி மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் போடுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

அக்கா, நான் நர்ஸ். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் இருக்கிறேன், சுருக்கமாக எழுதுகிறேன்.

வாத்தியார் ஐயா 35-ஆம் வசனம் சொன்னார்கள். அதற்கு நாலு வசனம் மேலே போங்கள். சீமோனுடைய மாமியார் காய்ச்சலில் கிடக்கிறார். இயேசு கிட்டப்போய்க் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். முந்தின நாள் ஒரு மாமியாரின் கையைப் பிடித்தவர்தான் மறுநாள் விடியுமுன் தனியாகப் போனார். இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தார் அக்கா. ஆஸ்பத்திரியில் யார் கையைப் பிடித்தாலும் எனக்கு அந்த வசனம் ஞாபகம் வரும்.

நீங்கள் பாளையங்கோட்டை என்றால் டோனாவூர் தூரமில்லை. அங்கே 1901-இலிருந்து இருந்து, பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. சுவிசேஷம் சொல்ல வந்தவர்கள், நாள் முழுக்கக் கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தால் ஊழியம் என்னாகும் என்று. அப்போது அவருக்குப் பதிலாக வந்தது, ஆண்டவர் சீலையை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவிய காட்சிதான். 1931-இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு, 1951-இல் இறக்கும்வரை, பெரும்பாலும் படுக்கையிலேயேதான் இருந்தார். நாம் கவனிக்கிறவர்களைப் பற்றியே பேசுகிறோம். படுத்துக் கிடக்கிறவர்களும் உள்ளே ஜெபித்துக்கொண்டுதான் இருப்பார்கள். பேச்சு போன நோயாளிகளில் சிலருக்குப் பழைய பாட்டு மட்டும் வாயில் வரும், நானே வார்டில் கேட்டிருக்கிறேன். உங்கள் அத்தைக்குத் தெரிந்த கீர்த்தனையைப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பாடிப் பாருங்கள்.

கஞ்சி கொடுத்த பிறகு அரைமணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கட்டும், உடனே சாய்க்காதீர்கள்.

சாயர்புரத்து ஆச்சி எழுதியது:

என் பேரன்தான் எனக்காக டைப் அடிக்கிறான். தாயி, நீ எழுதியதை அவன் வாசிக்கக் கேட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கு 79 வயசு. எங்கள் அம்மைக்கு எழுத்துத் தெரியாது, வேதப்புத்தகம் வாசிக்கத் தெரியாது. நாற்காலியும் கிடையாது, நாலரை மணிக்குக் காட்டுக்குப் போகணும். அப்போ அவள் எங்கே ஜெபம்பண்ணினாள்? அடுப்படியில் ஒரு மண்கலயம் இருக்கும். உலைக்கு அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவாள். கண்ணை மூடிக்கொள்வாள், உதடு அசையும். அவ்வளவுதான். பிடி அரிசிக் காணிக்கை. மாசம் ஒருதரம் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோவோம், ஏலம் போட்டு மிஷனுக்குப் போகும் என்பாள். பாளையங்கோட்டையில் 1903-இல் நம் ஆட்களே தொடங்கின மிஷனரிச் சங்கம் இருக்கிறதே, அதைத்தான் சொல்வாள். பேரன் சொல்கிறான், மிசோரமிலும் 1910-இலிருந்து பெண்கள் இதேபோல் பிடி அரிசி எடுத்துவைக்கிறார்களாம். எங்கேயோ மலைமேல் இருக்கிற பெண்ணுக்கும் எங்கம்மைக்கும் ஒரே யோசனை வந்திருக்கிறது பாரு.

வீட்டில் அரிசி காணாத நாளில் நான் கேட்பேன், இன்றைக்கு எதுக்கும்மா என்று. பிடியைச் சின்னதாக்குவாள், விடமாட்டாள். ஒருநாள் நான் அவள் பார்க்காத நேரம் கலயத்திலிருந்து எடுத்து உலையில் திரும்பப் போட்டுவிட்டேன். தம்பிக்குச் சோறு பத்தாது என்று. அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடிக்கவில்லை. தம்பிக்குத்தானே போட்டே, அதுவும் அவருக்குத்தான் போச்சு என்றாள். மறுநாள் மறுபடியும் ஒரு பிடி.

இப்போ எல்லாரும் கவரில் பணம் போடுகிறார்கள். நான் மட்டும் கலயத்தை விடவில்லை. உன் மாமியாரும் உடன்குடிக்காரி என்கிறாயே, அவளிடமும் ஒரு கலயம் இருந்திருக்கும், தேடிப் பாரு.

பாளைமருமகள் எழுதியது:

பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். இடையில் அத்தைக்குச் சளி கட்டி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். தங்கச்சி, நீ சொன்னபடி இப்போது அரைமணி நேரம் நிமிர்த்தியே வைக்கிறேன்.

வாத்தியார் ஐயா, நாற்காலியை இறக்கிவிட்டேன். மகள்தான் தூக்கிக்கொண்டுவந்தாள். ஐயரவாளிடமும் சொன்னேன். வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு பேர் வருகிறார்கள். போன வியாழன் நான் மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். நாற்காலி இல்லாததால் தரையில்தான். வார்த்தைகள் கொஞ்சம் வந்தன. பாதி நேரம் கீழே சத்தம் கேட்கிறதா என்றுதான் காது போனது. ஆனாலும் நீங்கள் சொன்னது சரி, அதுவும் வேண்டும்தான்.

கீர்த்தனை பாடினேன். அத்தைக்கு வார்த்தை வரவில்லை. ராகம் மட்டும் மூக்கால் வந்தது. இரண்டாம் அடியில் நான் தப்பாகப் பாடினதும் நிறுத்திவிட்டார்கள். திருத்திப் பாடினதும் மறுபடி தொடங்கினார்கள்.

ஆச்சி, நீங்கள் சொன்ன கலயம் கிடைத்தது. மண்கலயம் இல்லை, மூடி போன பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். பாத்திரப் பரணில் கடைசி வரிசையில், அடியில் நாலைந்து அரிசியும் செத்த வண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் அத்தை அதில் அரிசி போடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்போது நான், இதென்ன பழைய பழக்கம் என்று நினைத்துக்கொண்டு மாடிக்கு என் நாற்காலிக்குப் போய்விட்டேன். நாலரைக்கு நான் மேலே, அவர்கள் கீழே அடுப்படியில். பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஜெபித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

பாட்டிலைக் கழுவி வெயிலில் காயவைத்தேன். நேற்றுக் காலை உலை வைத்துவிட்டு, அரிசி அளந்த படியை அப்படியே அத்தை கட்டிலுக்குக் கொண்டுபோய், பாட்டிலையும் மடியில் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்தார்கள். பிறகு இடது கை எழுந்தது, தழும்பு இருக்கிற கை. படிக்குள் போய் ஒரு பிடி அள்ளியது. நடுக்கத்தில் பாதி அரிசி பெட்ஷீட்டில் சிந்திற்று, பாதி பாட்டிலுக்குள் விழுந்தது. அத்தை கண்ணை மூடினார்கள், உதடு அசைந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்து, பெட்ஷீட்டில் சிந்தின அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். உலை கொதித்து மூடி ஆடுகிற சத்தம் கேட்டது. முடிக்கிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை.